கல்வெட்டில் நான் எழுதியதும் கொப்பியில் அப்பா எழுதியிருந்ததும்

கேள்வி — பூவரசங்கதியால்

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுத் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொன்னால் அரை நாளில் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

என் தந்தையார் அண்மையில் எண்பத்து நான்கு வயதில் காலமானார். அந்தியேட்டிக் கிரியையன்று வெளியிட்ட கல்வெட்டில், அதாவது நினைவுப் புத்தகத்தில், அவருடைய வாழ்க்கை வரலாற்றை நானே எழுதினேன். "பிறர் பொருளில் ஒரு சதமும் தீண்டாதவர்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. 300 பிரதிகள் அச்சிட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் கையில் கொடுத்தோம். இரண்டு கிழமை கழித்து அவருடைய றங்குப்பெட்டியைத் துப்புரவு செய்தபோது, பொலித்தீன் பையில் சுற்றிய பழைய கொப்பி ஒன்று அகப்பட்டது.

எங்களுக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. அப்பாவின் பெயரில் அரசாங்கம் கொடுத்த பேமிற் (அனுமதிப்பத்திர) காணி. அதன் பின்பக்கத்தில், 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று நான் அறிவு தெரிந்த நாள் முதல் இருந்து வருகிறது. அவர்களை அப்பா இரக்கப்பட்டு இருத்தினார் என்றே எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். கொப்பியில் அப்பாவின் கையெழுத்தில் இருந்ததோ வேறு கதை. 1984ஆம் ஆண்டில், மூன்று தவணையாக, மொத்தம் 12,000 ரூபா பெற்றுக்கொண்டு, காடு வெட்டித் துப்புரவாக்கிய இரண்டு ஏக்கரை அந்தக் குடும்பத் தலைவருக்குக் கொடுத்ததாக நாள், தொகை, நான்கு எல்லைகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. அவருடைய பெருவிரல் அடையாளமும் முத்திரையின் மேல் அப்பாவின் கையொப்பமும் இருந்தன.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2012இல் இந்திய வீட்டுத்திட்டத்துக்குப் பயனாளிகளைத் தெரிவு செய்தபோது, பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா. தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் விண்ணப்பித்திருந்தது. அப்பா எழுந்து நின்று, "காணி என்னுடையது, பாவம் என்று இருக்க விட்டேன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு அப்பாவின் பெயரில் போன கடிதத்தை எழுதியவன் நான். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

சுவிற்சர்லாந்திலுள்ள அண்ணரிடம் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். செத்த மனிதரைக் கூண்டில் ஏற்றாதே என்கிறார். ஏ9 வீதிக்குக் கிட்டிய காணி இன்று என்ன விலை போகிறது என்பதையும் மறக்காமல் சொன்னார். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் எங்கள் கோவில் பரிபாலன சபையின் தலைவராக என்னை ஏகமனதாகத் தெரிவு செய்யப் போகிறார்களாம். "நேர்மையான மனிதரின் பிள்ளை" என்பதுதான் அவர்கள் சொல்லும் தகுதி.

காணியின் பின்னுரித்தாளராக அப்பா என் பெயரையே பதிந்திருக்கிறார். கொப்பியை எரித்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட மிஞ்சவில்லை. எரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் எரிக்காமல் வைத்திருப்பதால் மட்டும் நான் அப்பாவிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவன் என்றும் தெரியவில்லை. கோவிலின் பொதுக்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில் — நந்திக்கடல் வாத்தியார்

தம்பி, முப்பத்தைந்து ஆண்டுகள் முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லும் எண்ணத்தைத் தற்போதைக்கு விடுங்கள். அப்படிச் சொன்னால் அன்று மாலையே ஊர் உங்களைப் புகழும். தகப்பனை மிஞ்சிய பிள்ளை என்பார்கள். ஒருவேளை தலைவர் பதவியை இன்னும் இறுக்கி உங்கள் கையில் திணிப்பார்கள். உங்கள் மனதிலிருந்த பாரம் இறங்கிவிடும். பின்காணியில் இருப்பவர்களுக்கோ அன்று காலையில் இருந்த அதே தகரம்தான் அன்று இரவும் தலைக்கு மேல் இருக்கும். கோவில் முன்றலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வட்டாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும் அம்மனின் பெயரைச் சொன்னால் பொய் சொல்ல நாக்கு எழாது என்று என் தாயார் சொல்லுவார். ஆனால் சத்தியம் செய்துவிட்டு, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போனவர்களையும் அதே கண்ணால் கண்டேன்.

முதலில் பேச வேண்டியது தாயாருடன். அவர் உயிரோடு இருக்கும்போது, நீங்களும் அண்ணரும் தொலைபேசியில் அவருடைய கணவரின் பெயருக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பது சரியல்ல.

இன்னொன்றும் என் மனதில் உறுத்துகிறது. 2009இல் நீங்களும் இடம்பெயர்ந்துதான் இருப்பீர்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் சாமான்களைப் போட்டுவிட்டு ஓடினோம். தாலிக்கொடியை விற்று அரிசி வாங்கிய காலம் அது. ஏமாற்ற நினைத்த மனிதர், தனக்கு எதிரான அந்தக் கொப்பியை மெனிக் பாம் முகாம் வரை ஏன் சுமந்தார்? எந்த இடத்திலாவது கைவிட்டிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்குமே. 2012இல் பொய் சொன்ன வாயும், அந்தக் கொப்பியைக் காப்பாற்றிய கையும் ஒரே மனிதருடையவை என்பதை எண்ணிப் பாருங்கள். அவரை முழுக்க நல்லவராக நீங்கள் கல்வெட்டில் எழுதியது எவ்வளவு பிழையோ, இப்போது முழுக்கக் கெட்டவராக எண்ணத் தொடங்குவதும் அவ்வளவு பிழை.

பதில் — காணிக்கிளை ஓய்வு

நான் பிரதேச செயலகமொன்றின் காணிக் கிளையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒழுக்கத்தைப் பற்றி வாத்தியார் ஐயா எழுதிவிட்டார். நான் பத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் ஓர் அடிப்படையான விடயத்தைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காணி இன்று உங்களுடையது அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர் இறந்தால், முதலில் உரித்தாவது அவருடைய வாழ்க்கைத்துணைக்கு. அவருடைய காலத்துக்குப் பிறகே பெயர் பதியப்பட்ட பின்னுரித்தாளர் வருகிறார். ஆகவே உங்கள் தாயாரின் சம்மதமில்லாமல் நீங்கள் விட்டுக்கொடுக்கவும் முடியாது, உங்கள் அண்ணர் வைத்துக்கொள்ளவும் முடியாது. பின்னுரித்தாளர் பெயர் இல்லாத இடத்தில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்குகூட 2022இல் வந்த திருத்தத்துடன் மாறிவிட்டது. "மூத்த மகன் நான்" என்று வெளிநாட்டிலிருந்து சொல்பவர்களுக்கு இதை ஞாபகப்படுத்துவது நல்லது.

அடுத்தது, 1984இல் நடந்தது சட்டப்படி விற்பனையே அல்ல. அனுமதிப்பத்திரக் காணியை அதிகாரியின் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. நாற்பது ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தோம் என்று ஆட்சியுரிமை கோரவும் அந்தக் காணியில் இடமில்லை. அந்தக் குடும்பத் தலைவர் நேரடியாகக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்த் தனக்கென்று காணி கேட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பத்திரத்தைக் குடியுரிமை உள்ளவருக்கே கொடுப்பார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிகுதி 150,000 பிறகு பார்ப்போம் என்று. அதன் பிறகும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆகவே வன்னிக்கு வந்து காடு வெட்டிய பலருக்கு, தாங்கள் வெட்டிய நிலத்தை வேறொருவருடைய பெயரின் நிழலிலேயே வைத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. அவர் பெருவிரல் அடையாளம் வைத்த அந்தப் பக்கம் அவர்களுக்கு இருந்த ஒரே உறுதி.

இனிச் செய்யக்கூடியது: தாயார் பெயரில் உரித்தைப் பதிவு செய்தபின், இரண்டு ஏக்கரையும் அங்கு குடியிருக்கும் குடும்பத்துக்கு வழங்குவதற்காக விட்டுக்கொடுக்க விரும்புவதாக அவர் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். விசாரணை நடக்கும், நில அளவை நடக்கும், மாகாணக் காணித் திணைக்களம் வரை கோப்பு போகும். எவ்வளவுக்குக் குறைவாகத் துண்டாட முடியாது என்ற அளவு பத்திரத்திலேயே இருக்கும், அதை முதலில் பாருங்கள். ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன்: பணம் வாங்கிக் கைமாற்றியது நிபந்தனை மீறல். கொப்பியை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்தால், பத்திரத்தையே இரத்துச் செய்யும் விசாரணையாக அது மாறலாம். இதை மறைக்கச் சொல்லவில்லை. உண்மை பேசுவதென்றால் மூன்று ஏக்கரையும் பணயம் வைத்துப் பேச வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வாத்தியார் ஐயாவின் கடைசிப் பந்தியோடு எனக்கு உடன்பாடில்லை. பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு ஓடவில்லை.

பதில் — ரொறொன்ரோ மாலை

எல்லோரும் அண்ணரைத்தான் குற்றவாளியாக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. நானும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. எங்களுக்கு ஊரில் மிஞ்சியிருப்பது அப்பாவின் படமும் நல்ல பெயரும்தான்; அதையும் தொலைபேசியில் ஒருவர் பறித்தால் காணி விலையைப் பற்றி ஏதாவது உளறத்தான் செய்வோம். அவருக்குக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். தகப்பனின் கையெழுத்தைக் கண்ணால் கண்டபிறகு அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

பதில் — தேயிலைக்கொழுந்து அல்ல

நான் வவுனியா மாவட்டத்தில் பிறந்தவள். என் பெற்றோர் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். நீங்கள் "பின்காணிக் குடும்பம்" என்று எழுதுகிறீர்களே, எங்கள் ஊரில் நாங்கள்தான் அந்தப் பின்காணி.

கேள்வியை மூன்று முறை வாசித்தேன். உங்கள் தந்தையாரின் பெயர், உங்கள் கல்வெட்டு, உங்கள் கோவில், உங்கள் அண்ணர், உங்கள் மனச்சாட்சி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் இன்று எத்தனை பேர், குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கிறாரா, 2012இல் வீடு கிடைக்காமல் போனபிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எதுவுமே இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே கிணற்றடியில் வாழ்ந்தவர்களைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதியது உங்களுக்கே வியப்பாக இல்லையா? உங்களைக் காயப்படுத்த இதைக் கேட்கவில்லை. நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களின் வீடுகளில் எங்களுக்கு மிகவும் பழக்கமான மௌனம் இது. "தோட்டக்காட்டார்" என்று திட்டியவர்களை எங்களுக்கு அடையாளம் தெரியும். அவர்களோடு சண்டை பிடிக்கலாம். "பாவம் என்று இருக்க விட்டோம்" என்று சொல்பவர்களோடு சண்டையும் பிடிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியவன் அந்த ஒரு வசனத்தால் பிச்சை வாங்கியவனாகிவிடுகிறான்; அவனுடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் அந்த வசனத்தைக் கேட்டு வளர்கிறது.

கொப்பியைச் சுமந்ததைப் பற்றி ஐயா எழுதினார். சுமந்தார், ஆனால் காட்டவில்லை. எங்களுக்கு அவ்வளவுதான் கணக்கு.

பொதுக்கூட்டத்தில் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்குப் பாதி உடன்பாடு. முதலில் பத்திரம், பிறகு பேச்சு. ஆனால் பேசாமல் விட்டுவிடவும் கூடாது. பொய் பொதுநோக்கு மண்டபத்தில், எல்லோர் காதிலும் விழச் சொல்லப்பட்டது. பத்திரத்தை மட்டும் இரகசியமாகக் கொடுத்தால், "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, இரண்டு ஏக்கரைத் தானமாகக் கொடுத்துவிட்டான்" என்று ஊர் இன்னொரு கல்வெட்டு எழுதும். தானம் இல்லை, விற்ற காணி என்று அதே மண்டபத்தில் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதியவர் நீங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது உங்கள் தந்தையாரின் கணக்கில் வராது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். கொப்பியை அவர்கள் கையில் கொடுங்கள். பத்திரத்தையே இரத்துச் செய்யக்கூடிய விசாரணைக்குப் போவதா இல்லையா என்ற முடிவில், அந்தக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

கேள்வி கேட்டவரின் பதில் — பூவரசங்கதியால்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடைசியாக எழுதிய சகோதரியின் பதிலை வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. அவர் கேட்டது சரி. அந்தக் குடும்பத் தலைவர் 2009 ஏப்ரலில் மாத்தளனில் செல் விழுந்து இறந்தார். அது எனக்குத் தெரியும்; செத்தவீட்டுக்குப் போகக்கூடிய காலமாக அது இருக்கவில்லை என்பதும் உண்மை, பிறகு ஒரு நாளாவது போய் விசாரிக்கவில்லை என்பதும் உண்மை. ஆச்சியும் மகனும் மருமகளும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வாத்தியார் ஐயா, காணிக்கிளை ஐயா, நீங்கள் இருவருமே பிழையாக ஊகித்துவிட்டீர்கள். கொப்பியைச் சுமந்தவர் அப்பா அல்ல, அம்மா. புதுக்குடியிருப்பில் பங்கருக்கு மேல் சாமான்களைக் கழித்தபோது, இதை எறிந்துவிடு என்று அப்பா சொன்னாராம். அம்மா தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினாராம். ஏன் என்று கேட்டேன். "அந்த மனிசன் ஒவ்வொரு தவணைக் காசையும் என்ரை கையிலைதான் தந்தது" என்றார். 1985இல் அண்ணர் வெளிக்கிட்டபோது முகவருக்குக் கட்டிய முதற்காசு அதுதானாம். 2012இல் ஏன் பேசவில்லை என்று கேட்க நினைத்தேன், கடிதம் எழுதிய கை என்னுடையது என்பதால் கேட்கவில்லை. அம்மாவே சற்று நேரம் கழித்து, அப்பா இருக்கும் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை என்றார்.

ரொறொன்ரோவிலிருந்து எழுதியவர் சொன்னபடி, அண்ணருக்குப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். காசு எங்கே போனது என்று அம்மா சொன்னதையும் எழுதினேன். அவர் பார்த்துவிட்டதாக நீல அடையாளம் விழுந்து ஆறு நாட்களாகின்றன, பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பின்காணிக்குப் போனோம். வேலியில் வழியிருந்தும் வீதியால் சுற்றி வாசலுக்குப் போக வேண்டுமென்று அம்மா சொன்னார். ஆச்சி கொப்பியின் பக்கத்தைத் திருப்பி, கணவரின் பெருவிரல் அடையாளத்தின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மகன் என்னோடு பெரிதாகப் பேசவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், தெரியும் என்றார். அந்த நாட்களில் ஊரில் அப்படிச் சுத்தமாகக் கடிதம் எழுதக்கூடியவர் வேறு யார் என்று கேட்டார். விசாரணையின் ஆபத்தைக் காணிக்கிளை ஐயா எழுதியபடியே விளக்கினேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, புதன்கிழமை வந்து, விசாரணைக்குப் போகலாம் என்றார்; தானும் கூட வருவதாகவும் சொன்னார்.

கோவில் கூட்டம் அடுத்த மாதம். என் பெயரைப் பிரேரிக்க வேண்டாமென்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், காணி அலுவல் ஒன்று முடிய வேண்டும், முடிந்தபிறகு பொதுநோக்கு மண்டபத்தில் சொல்வேன் என்றேன்.

காணிக்கிளை ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொப்பியிலுள்ள எல்லைகளின்படி நானும் ஆச்சியின் மகனும் கயிறு பிடித்துப் பார்த்தோம். அவர்கள் வெட்டிய கிணறு, எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் மூன்று ஏக்கருக்குள் பத்து அடி தள்ளி நிற்கிறது. கிணற்றையும் சேர்த்து எழுது என்கிறார் அம்மா. விட்டுக்கொடுக்கும் கடிதத்தில் இரண்டு ஏக்கர் என்று எழுதுவதா, அல்லது கிணற்றோடு கூடிய அளவை நில அளவையாளர் கணித்துத் தரும் வரை காத்திருப்பதா?

பதில் — காணிக்கிளை ஓய்வு

காத்திருக்க வேண்டாம். "கிணறு உட்பட, அளவையில் காணப்படும் பரப்பு" என்று எழுதி, தாயாரின் கையொப்பத்துடன் கொடுத்து, பதிவேட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.